கோழிக்கு முன்னால் கூடு

கோழி வளர்க்கலாம் என்று முடிவு செய்ததும் பலர் முதலில் பத்துக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கூட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஐந்தாறு வாரத்தில் பெட்டி போதாமல் போகும். அப்போது அவசர அவசரமாகக் கட்டும் கூட்டில்தான் பாதி வில்லங்கம் ஆரம்பிக்கிறது. அதனால் கூடு தயாரான பிறகே கோழி வாங்குங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு பெட்டைகள் போதும். நன்றாக முட்டையிடும் கலப்பின ரகம் என்றால் முதல் வருடத்தில் நாளைக்கு மூன்று முட்டை கிடைக்கும். நாட்டு ரகங்கள் அவ்வளவு இடாது, நடுநடுவே அடைக்கும் உட்கார்ந்துவிடும். மூன்றுக்குக் குறைவாக வாங்காதீர்கள். கோழி கூட்டமாக வாழும் பறவை. இரண்டில் ஒன்று செத்தால் மற்றது தனியாகத் தவிக்கும். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்கக் கட்டுப்பாடு ஏதும் உண்டா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே அடைப்பில் 10 சதுர அடி. இதில் கஞ்சத்தனம் பண்ணினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும். இரவில் உட்கார ஒரு கோழிக்கு 25 செ.மீ. நீளம் வருமாறு கட்டை வையுங்கள். அகலம் 5 செ.மீ., முனைகள் மழுங்கியிருக்க வேண்டும். முட்டைப்பெட்டி 30 செ.மீ. சதுரம், நான்கு கோழிக்கு ஒன்று போதும். உட்காரும் கட்டை முட்டைப்பெட்டியைவிட உயரமாக இருப்பது முக்கியம். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடித்தான் உறங்கும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே படுத்து இரவெல்லாம் எச்சமிடும். மறுநாள் முட்டை அதில் புரளும்.

அறுகோண ஓட்டையுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. 12 மி.மீ. கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். அதையும் அடியில் 30 செ.மீ. வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதையுங்கள். தோண்டிக்கொண்டு வரும் விலங்கு சுவரோரமாகத்தான் தோண்டும், வலையில் முட்டிக்கொள்ளும். கதவுக்குச் சும்மா தூக்கிவிடும் கொக்கி போதாது, கொண்டியில் ஒரு கூடுதல் பூட்டு இருக்கட்டும்.

அடுத்தது ஈரம். எல்லோரும் எந்தத் தீவனம் நல்லது என்று கேட்கிறார்கள், தரை காய்ந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கூட்டுத் தரையில் நெல் உமியோ மரச்சீவலோ 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. அந்த இடத்தை அள்ளி எறிந்து புதுசு போடுங்கள். குனிந்து கோழியின் உயரத்தில் முகத்தை வைத்தால் கண் எரிகிறதா? அது எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. கோழி அதை ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிறது. அதற்குத்தான் கோழியின் தலைக்கு மேலே காற்றோட்டத் திறப்பு வைக்கச் சொல்வது. ஈரத்துக்கு முக்கால்வாசிக் காரணம் தண்ணீர்ப் பாத்திரம். அதன் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருந்தால் சிந்தாது, கிளறிவிட்ட குப்பையும் விழாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 16 வார வயதுள்ள இளம் பெட்டைகளை வாங்குவதே நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் ஆபத்தான பருவம் தாண்டியிருக்கும். குஞ்சுதான் வேண்டும் என்றால் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்போ சூட்டு விளக்கோ வேண்டும். அதை வெறும் கிளிப்பில் மாட்டாமல் கம்பியாலும் கட்டுங்கள், கீழே விழுந்தால் கூளம் தீப்பற்றும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும்: விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. தரையில் வழுவழுப்பான செய்தித்தாள் விரித்தால் கால் அகன்று முடமாகிவிடும். வந்ததும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்ல எடுங்கள், பிய்க்காதீர்கள்.

எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனம், பிறகு வளர்கோழித் தீவனம், முதல் முட்டையை ஒட்டித்தான் முட்டைக்கோழித் தீவனம். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குஞ்சுக்குக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். வளர்ந்த கோழி நாளைக்குச் சுமார் 120 கிராம் தின்னும். தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் இறைத்து வீணாக்கும், அது எலிக்கு விருந்து. முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். வீட்டு மிச்சம் கொஞ்சம் கொடுக்கலாம். பூஞ்சை பிடித்தது, உப்பு மிகுந்தது, வேகாத பயறு, அவகாடோ கூடாது.

வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி மட்டும்தான். வாங்கும்போதே எந்தெந்தத் தடுப்பூசி போட்டார்கள், எப்போது என்று கேட்டு, மீதியைக் கால்நடை மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். மூன்று வார வயதைத் தாண்டிய குஞ்சு கூனிக்குறுகி நின்று, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல். இதற்கு மருந்து உண்டு, ஆனால் அன்றே கொடுக்க வேண்டும். இதுவும் ஈரக் கூளத்தில்தான் பெருகும்.

திடீரென்று முட்டை நின்றால் பதறாதீர்கள். ஒன்றரை வயதில் இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் இரண்டு மூன்று மாதம் முட்டை வராது. பகல் நேரம் சுருங்கும் மாதங்களிலும் முட்டை குறையும். அந்த இடைவெளியில் புதுக் கோழி வாங்கத் தோன்றும். வாங்கினால் ஒரு மாதம் தள்ளி வேறு இடத்தில் வைத்து நோய் இல்லை என்று பாருங்கள். பிறகு ஒரு வாரம் கம்பிவலைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கமாக விட்டு, அதன்பின் கலந்துவிடுங்கள். ஒற்றைக் கோழியைச் சேர்க்காதீர்கள், இரண்டாகச் சேர்த்தால் அடி பங்காகும். கூடுதலாக ஒரு தீவனத் தட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் பழைய கோழிகள் புதுசைத் தின்னவே விடாது.