பழைய டி அண்ட் டி புக் மாதிரி இங்க்ல வரையுறேன் – மூணு மாச அனுபவம்

மூணு மாசமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு மணி நேரம் உக்காந்து ஒரே சீனைத்தான் திரும்பத் திரும்ப வரைஞ்சிட்டிருக்கேன். பாதாளத்துக்கு இறங்குற கல் படிக்கட்டு, நாலு பேரு, முன்னாடி போறவன் கையில தீப்பந்தம், கீழ இருட்டுல ஏதோ காத்துக்கிட்டிருக்கு. எங்க டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிளைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு பாத்திரமா கதை விளையாடுற கேம்) கேம்ல நடந்த சீன்தான், அன்னிக்கு டேபிள்ல எல்லாரும் மூச்சைப் பிடிச்சிட்டிருந்தோம், அதை ஒரு படமா வச்சுக்கணும்னு தோணிச்சு.

நாங்க விளையாடுறது 2014ல வந்த ஐந்தாம் எடிஷன். அதுல எல்லாம் முழு கலர், நல்லாவும் இருக்கும். ஆனா அந்த கேமோட பழைய புக்குகள், 1977 மான்ஸ்டர் மேனுவல், 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக், 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு இந்த மூணையும் புரட்டிப் பார்த்ததுக்கு அப்புறம் எனக்கு மனசு அங்கயே நின்னுருச்சு. உள்ள எல்லாம் கறுப்பு மை கோடு மட்டும்தான். மை இருக்கும், இல்லேன்னா வெறும் பேப்பர், நடுவுல சாம்பல்னு ஒண்ணு கிடையாது, சாம்பல் வேணும்னா கோட்டையோ புள்ளியையோ நெருக்கி வச்சு கண்ணை நம்ப வைக்கணும். அந்த கட்டுப்பாடுதான் அந்தப் படங்களுக்கு அவ்ளோ இருட்டு குடுக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

முதல் நாலு ஷீட்டும் ஒரே மாதிரி கெட்டுப்போச்சு. பென்சில்ல முழுசா வரைஞ்சு, 03 பேனாவுல (நம்பர் கோட்டோட தடிமனுக்கு) எல்லாத்துக்கும் அவுட்லைன் போட்டு, அதுக்கப்புறம் நிழல் வர்ற இடத்துல எல்லாம் கிராஸ் ஹேட்சிங் (நெருக்கமா குறுக்கும் நெடுக்கும் கோடு போடுறது) பண்ணேன். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விரலும் தனியா பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு. அக்கா பையன் பார்த்துட்டு, "மாமா, அந்த பந்தம் எரியுதா, அணைஞ்சுருச்சா?"ன்னு கேட்டான். அப்பதான் தள்ளி வச்சுப் பார்த்தேன், மொத்தப் படமும் ஒரே சாம்பல், வெளிச்சம் எங்கேர்ந்தும் வரலை.

அப்புறம் ஒரு வாரம் எதுவும் வரையாம அந்தப் பழைய புக்குகள்ல வரைஞ்ச டேவிட் டிராம்பியர் படங்களை மட்டும் பார்த்துட்டு இருந்தேன். 1979 புக்ல எமிரிகோல்னு ஒரு மந்திரவாதி குதிரையில தெருவுல பாய்ஞ்சு வர்ற முழுப்பக்க படம் இருக்கு, அதை கண்ணை சுருக்கி எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு தெரியலை. சுருக்கிப் பார்த்தாலும் யாரு எங்க இருக்காங்கன்னு தெரியுது. அவர் கறுப்பை முதல்லயே முடிவு பண்ணியிருக்கார், கோடு அதுக்கப்புறம்தான்னு எனக்குப் பட்டுச்சு.

அதனால தீப்பெட்டி சைஸ்ல பன்னெண்டு தம்ப்நெய்ல் (குட்டி மாதிரிப் படம்) போட்டேன், பேனா கிடையாது, பிரஷ்ஷும் இண்டியன் இங்க்கும் மட்டும், கறுப்புத் திட்டு வெள்ளைத் திட்டு அவ்ளோதான். பத்தாவதுல படிக்கட்டு வந்துருச்சு. அதையே பெருசாக்கி கறுப்பை முதல்ல போட்டு, பந்தத்தைப் பார்த்த பக்கத்துல அவுட்லைனே போடாம விட்டேன். கன்னத்துக்கும் பின்னாடி இருக்கிற வெளிச்சத்துக்கும் நடுவுல கோடே இல்ல, ஆனா கன்னம் தெரியுது! அந்த ராத்திரி தூக்கம் வரலை, அவ்ளோ சந்தோஷம்.

சுவருக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். பக்கத்துப் பக்கத்துக் கல்லுக்கு ஹேட்சிங் சாய்வை மாத்திட்டா, இடையில கோடு போடாமலே தனித்தனிக் கல்லா பிரிஞ்சு நிக்குது. ஆளுங்களுக்கு மட்டும் கோடு உடம்போட வளைவு கூடவே போகணும், கைன்னா கையைச் சுத்தி வளைஞ்சு வரணும், நேர்கோடு போட்டா கை பலகை மாதிரி ஆயிடுது.

இன்னொரு விஷயம் சின்னதாக்கி பிரிண்ட் போட்டப்ப தெரிஞ்சுது. ஏ3ல வரைஞ்சு 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி ஏ5க்கு குறைச்சேன். 01 பேனா கோடு 0.25 மில்லிமீட்டர், பாதியானா 0.125, அது பரவாயில்ல, ஆனா கோட்டுக்கு நடுவுல இருந்த இடைவெளியும் பாதியாச்சே, மை அடைச்சுக்கிட்டு நெருக்கமா பண்ணின இடம் எல்லாம் கறுப்புக் கட்டியாயிடுச்சு. இப்ப இடைவெளியை ரெண்டு மடங்கு விட்டுதான் வரையுறேன். பெரிய ஷீட்ல பார்க்கும்போது வெறிச்சுன்னு இருக்கும், பயப்படக் கூடாது.

நடுவுல ரஸ் நிக்கல்சன் மாதிரியும் முயற்சி பண்ணேன், 1981ல வந்த இன்னொரு ஜந்து புக் ஃபீண்ட் ஃபோலியோல அவர் வரைஞ்ச ஜந்துக்களைப் பார்த்தா தோல், சுருக்கம், அழுக்கு வரைக்கும் கையில படுற மாதிரி இருக்கும். இருட்டுல நிக்குற எலும்புக்கூட்டை புள்ளி வச்சே பண்ணேன், நாலு மணி நேரம் ஆச்சு, சொரசொரப்பான பேப்பர்ல பேனா முனையும் மழுங்கிப்போச்சு. புள்ளியை நிழலோட ஓரத்துல ஆரம்பிச்சு வெளிச்சத்துப் பக்கம் கலைச்சுக்கிட்டே வரணும், எல்லா இடத்துலயும் சமமா வச்சா அம்மைத் தழும்பு மாதிரி ஆயிடும். பேப்பர் வழவழன்னு இருக்கணும்.

கலர் ஒரே ஒரு தடவை. 1981ல புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வந்த பேசிக் பாக்ஸ் அட்டையில எரோல் ஓட்டஸ் வரைஞ்ச அந்தப் பச்சை டிராகன் கனவுல வர்ற மாதிரி இருக்கும், அந்த நிறங்கள் மேல ஆசைப்பட்டு வாட்டர்கலர் எடுத்தேன், பேப்பர் சுருண்டுருச்சு, அப்புறம் பார்க்கலாம்னு வச்சுட்டேன். 1983 சிவப்பு பாக்ஸ்ல லாரி எல்மோர் வரைஞ்சது மாதிரி பெயிண்டிங்குக்கு நான் போகப்போறதில்ல. அது பிரமாதமான அட்டை, டிராகனும் வீரனும் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குறாங்க. ஆனா எனக்கு 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அட்டைதான் பிடிக்கும், அதுவும் டிராம்பியர்தான், பெரிய சிலையோட கண்ணுலேர்ந்து ரெண்டு பேரு ரத்தினத்தை நெம்பி எடுக்குறாங்க, கீழ மத்தவங்க அவங்கவங்க வேலையில இருக்காங்க. சண்டை முடிஞ்சதுக்கு அப்புறம் உள்ள நேரம் அது. நாம டேபிள்ல உக்காந்து நிஜமா செய்யுறது அதுதானே, சண்டை போட்ட நேரத்தை விட கதவைத் தட்டிப் பார்த்து, மேப்பைத் திருப்பிப் பார்த்து, எதை எடுத்துட்டுப் போறதுன்னு பேசுற நேரம்தான் ஜாஸ்தி.

இப்ப பதினோராவது ஷீட் டேபிள்ல இருக்கு. கறுப்பு போட்டாச்சு, சுவர் முடிஞ்சுது, பந்தம் எரியுது, அக்கா பையனும் ஒத்துக்கிட்டான். மூணாவது ஆளோட கவசம்தான் பாக்கி. இரும்பு மின்னணும்னா ரொம்பக் கறுப்பான இடத்துக்கு ஒட்டியே சுத்த வெள்ளைப் பட்டை ஒண்ணு விடணும், நடுவுல ஹேட்சிங் வந்தா துணி மாதிரி ஆயிடுது. டேவிட் சதர்லேண்ட் நரகத்துல பிசாசுக் கூட்டத்துக்கு நடுவுல தனியா நிக்குற பலடின் (தெய்வ பக்தியுள்ள கவச வீரன்) ஒருத்தனை வரைஞ்சிருக்கார், 1978 புக்லதான் இருக்கு, அதை பக்கத்துல திறந்து வச்சிருக்கேன். தோள்பட்டைல பட்டை எங்க வரணும்னு பென்சில்ல குறிச்சாச்சு, நாளைக்கு பிரஷ் எடுக்கணும்.