ஐஸ்பெட்டியும் வாரிசுச் சான்றிதழும்

கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் "இனி பிள்ளைகளுக்காக வாழணும் மக்கா" என்று சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் வரும். உறவினர், ஊர்க்காரர், அதிகாரிகள், எங்களைப் போன்ற களப்பணியாளர்கள் என ஒருவர் பாக்கியில்லை. சொல் சரிதான், சொல்லும் நேரம்தான் தப்பு. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள குமரிக் கடற்கரையில் இந்த வீடுகளுக்குத் துணை நிற்கும் வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் தாள், பிறகு பணம், பிறகு தொழில். வாழ்வதற்கு என்ன அர்த்தம் என்ற பேச்சு அதற்கும் பிறகு, அதுவும் பறிகொடுத்தவராகவே எடுத்தால்.

உடல் கிடைத்த சாவும் கிடைக்காத சாவும் ஒன்றல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பக்கம் மாண்ட பலருக்குக் கல்லறை இருக்கிறது, கூட்டுக் கல்லறை என்றாலும். 2017 நவம்பர் 30-இல் அடித்த ஒக்கிப் புயலில் அது வாய்க்காத வீடுகள் ஏராளம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வட்டாரத்து ஆழ்கடல் விசைப்படகுகள் கொச்சியைத் தளமாக வைத்து வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. படகு எந்த நாள் கவிழ்ந்தது என்றே தெரியாத வீட்டில் ஏழாம் நாள் திருப்பலியை எந்த நாளிலிருந்து எண்ணுவது? நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது இவர்கள் எங்கே போவார்கள்? விண்ணப்பத்தில் 'கைம்பெண்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கக் கை வராமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவசரப்படுத்தக் கூடாது. அந்த டிக் அவருக்கு வெறும் தகவல் இல்லை, தன் கையாலேயே கணவனைச் செத்தவனாக்குவது.

சட்டமும் அந்தத் தயக்கத்தை நீட்டவே செய்கிறது. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ள முடியும். ஒக்கியில் காணாமல் போனவர்களுக்காக அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்திக் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. ஒரு படகு, இரண்டு பேர் என்று நடக்கும் விபத்துகளில் அப்படித் தனி ஆணை வருவது அரிது. எனவே தகவல் தெரிந்த அன்றே கடலோரக் காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கான கையெழுத்தோடு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். "ஆள் வந்துருவாரு, எதுக்குப் போலீசு" என்று காத்திருக்கும் நாட்கள்தாம் பின்னால் காப்பீட்டில் கேள்வியாக எழும். மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் உண்டு.

அடுத்த முட்டுக்கட்டை பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் அழைப்பது ஒன்று, ஆதாரில் எழுத்துப்பிழையோடு இன்னொன்று, மீனவர் நலவாரிய அட்டையில் தகப்பன் பெயரே வேறு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தபின் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மனு நகரும். எங்காவது ஒரு எழுத்து இடித்தால் திரும்பிவிடும். பதிவதற்கு முன்பே எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் செலவிடாதவர்கள் தாலுகா அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடக்கிறார்கள்.

இந்தத் தாள் வேலையில் எல்லோரும் மறக்கும் ஆள் ஒருவர் உண்டு, காணாமல் போனவரின் அம்மா. கணக்கு மனைவி பெயரில், கையெழுத்து மனைவியுடையது, ஆறுதலும் மனைவிக்கே. மாமியார் திண்ணையில் கிடப்பார். மாமியார் மருமகள் சண்டை என்று ஊர் பேசுவதில் பாதி, பணத்தைவிட இந்த ஒதுக்கலில்தான் தொடங்குகிறது. கரையொதுங்கும் உடலை அடையாளம் காண டிஎன்ஏ சோதனைக்குப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரி வேண்டும், மனைவியின் மாதிரி பயன்படாது. மாதிரி கொடுக்க அம்மாவை அழைத்துப் போகும்போது "உங்களால மட்டும்தான் முடியும் அம்மா" என்று விளக்கிச் சொன்னால், அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. திண்ணையிலிருந்து எழுப்ப எந்த அறிவுரையைவிடவும் அது உதவும்.

பணம் வந்ததும் கூடவே கடன் கேட்பவர்களும் வருவார்கள். முதல் ஆறு மாதம் வீடு கட்டுவதில்லை, யாருக்கும் கைமாற்று இல்லை என்று வீட்டோடு பேசி வைப்பது நல்லது. தினவட்டிக் கடன் மட்டும் விலக்கு, அதை முதல் நாளே அடைக்க வேண்டும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் 9 லட்சம் வரை 5 ஆண்டுக்குப் போடலாம். மாதாமாதம் வரும் வட்டி அரிசிக்கும் பள்ளிக்கும் ஆகும், முதல் கரையாது.

தொழில் என்றால் பெரும்பாலும் மீன் விற்பனைதான். தையல் எந்திரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. ஒரே தெருவில் நான்கு எந்திரம் இருந்தால் யார் தைக்கக் கொடுப்பார்கள் என்று கொடுத்தவர் கேட்பதில்லை. மீன் விற்பனையில் முதல் பாடம் ஐஸ். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், நன்றாக உடைத்தது. பெட்டியின் அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ், கடைசி அடுக்கு தடிப்பாக. உருகிய தண்ணீர் வெளியேற அடியில் துளை இருக்க வேண்டும், தண்ணீரில் ஊறும் மீன் சீக்கிரம் கெடும். ஐஸ் காசை மிச்சம் பிடிப்பதில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். சாளை, அயலை, சூரை மூன்றும் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஊறும். சமைத்தாலும் அது அழியாது. தின்றவருக்கு முகம் சிவந்து அரிப்பெடுக்கும், அந்தத் தெருவில் வியாபாரம் அத்தோடு முடியும்.

கணக்குக்கு நான்கு வரி போதும். ஏலத்தில் எடுத்த விலை, ஐஸ், வண்டிக்கூலி, விற்காமல் மீந்தது. மீந்ததைக் கணக்கில் சேர்க்காதவர்கள் லாபம் என்று நினைத்து முதலைத் தின்பார்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை, குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் வரத்து சுருங்கும். கிழக்குக் கரைத் தடை ஜூன் 14-இல் முடிவதால், அந்தத் தடைக்குள் வரும் சின்னமுட்டம் துறைமுகத்தில் அதற்குள் மீன் வந்துவிடும். அங்கே போய் எடுக்க வண்டிக்கூலி கூடும், அதைத் தாங்க முடியாதவர்கள் மாசி, பங்குனி வெயிலிலேயே கருவாடு போட்டு வைக்க வேண்டும். மணலில் பரப்பாமல் தட்டு கட்டி உயரத்தில் காயவைத்தால் மண்ணும் ஒட்டாது, ஈயும் குறையும். மட்டமான உப்பு போட்டால் ஈரப்பதத்தில் கருவாடு சிவப்பேறும். பேருந்துத் தொல்லை தனி. மீன் விற்கும் பெண்ணைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது 2021 டிசம்பரில் குளச்சலில் செய்தியாகி முதல்வர் வரை போனது. செய்தியாகாதவை எத்தனையோ.

இவ்வளவு விவரம் எதற்கென்றால், விடியும் முன் ஏலக்கரைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் பெண் இரவில் கொஞ்சமாவது தூங்குகிறார். வாடிக்கை வீட்டில் "நேத்து ஏன் வரல்ல?" என்று கேட்கிறார்கள். தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்பது வாயால் சொல்லி வருவதில்லை, கூடையோடு போய் வாங்கிவர வேண்டியது.

ஆனாலும் நவம்பர், டிசம்பரில் எல்லாம் ஒருமுறை குலையும். கல்லறைத் திருநாள், ஒக்கி நினைவு நாள், நட்சத்திரமும் குடிலும் கட்டும் கிறிஸ்துமஸ், மறுநாளே சுனாமி நினைவு. இரண்டு வாரம் வியாபாரத்துக்குப் போகாமல் இருந்தால் பின்னடைவு என்று பதிவேட்டில் எழுதுவது மடமை. அந்த மாதங்களுக்குப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

சில பெண்கள் பின்னாளில் இன்னொரு துக்கவீட்டுக்குத் துணையாகப் போக முன்வருகிறார்கள். ஓராண்டு நிறைவதற்குள் அனுப்புவது தப்பு. அங்கே அழுகை தொடங்கும்போது இவருடையதும் திறந்துகொள்ளும், இரண்டு வீட்டையும் நாம் பார்க்க வேண்டி வரும். ஓராண்டுக்குப் பிறகும் முதல் முறை தனியாக அனுப்பாமல், பேச வேண்டிய பொறுப்பைக் கொடுக்காமல், அட்டைகளைத் தரையில் பரப்பிப் பெயர் ஒப்பிடும் வேலையை மட்டும் ஒப்படைத்தால் போதும். எந்த எழுத்து எங்கே இடிக்கும் என்பது எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.