ஐசோட்ரெட்டினாயின் எந்தக் கடையில் கிடைக்கும்?

தஞ்சாவூரில் மெடிக்கல் ஷாப்புக்கா பஞ்சம்? பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தால் பச்சை போர்டாகத்தான் கண்ணில் படும். ஆனால் என் சீட்டில் இருந்த, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் 20 மி.கி. மட்டும் அங்கே எந்தக் கடையிலும் இல்லை. சீட்டை வாங்கிப் பார்ப்பார்கள், உள்ளே ஒரு குரல் கொடுப்பார்கள், அப்புறம் "இது ஸ்கின் டாக்டர் எழுதுறதும்மா, இங்க மூவ் ஆகாது" என்று நீட்டிவிடுவார்கள்.

யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் டாக்டர்கள் எதை எழுதுகிறார்களோ அதைத்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார். ராஜா மிராசுதார் பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் பேர்போன ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள் தொடவே கூடாத மருந்தை அதன் வாசலில் நின்று கேட்டது நான்தான்.

என் டாக்டர் திருச்சி தில்லைநகரில் இருக்கிறார். அவர் கிளினிக்குக் கீழேயே உள்ள கடையில் மருந்து எப்போதும் இருக்கும். அதற்காக மாதாமாதம் லீவு போட்டு பஸ் ஏற முடியுமா? இது பத்து நாள் சாப்பிட்டு நிறுத்துகிற மருந்து இல்லை. எடைக்கு ஏற்ப மொத்த அளவை முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள், கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. வரை. நான் 52 கிலோ. குறைந்தபட்சக் கணக்கிலேயே 6,240 மி.கி. வருகிறது. தினம் 20 என்றால் பத்து மாதத்துக்கு மேல். மாதம் மூன்று அட்டை தடங்கல் இல்லாமல் வேண்டும்.

மருந்து கேட்டு அலைகிறவர்களுக்குக் கடைக்காரர்கள் "அதே மாதிரி" ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதுதான் எனக்குப் பயம். ஒரு கடையில் பெரியவர் ஒருவர், "மாத்திரையெல்லாம் சூடும்மா, இதப் போடு, நாலே நாள்ல மூஞ்சி பளிச்னு ஆயிடும்" என்று ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். திருப்பிப் பார்த்தேன்: மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். முதலில் இருப்பது ஸ்டீராய்டு. நாலு நாளில் பளிச்சென்று ஆவது உண்மைதான். விடாமல் போட்டால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் பரு பழையதைவிட அதிகமாகக் கிளம்பும். என் சித்தி பெண் இப்படி ஒரு க்ரீமைக் கல்லூரிக் காலம் முழுக்கப் போட்டவள். கன்னம் இன்னமும் சிவந்தே இருக்கிறது. 2018-லேயே மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. கவுன்டரில் அது யாருக்கும் நினைவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, இவர் மேல்தான் வந்தது.

கடைசியில் வழி கிடைத்தது மெடிக்கல் காலேஜ் ரோட்டில். அங்கே இருந்த பையன் சீட்டில் இருந்த பிராண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றான். அதோடு விடாமல் கம்ப்யூட்டரில் மருந்தின் பெயரைப் போட்டுத் தேடினான். "அக்கா, வேற கம்பெனில திருச்சி ஸ்டாக்கிஸ்ட்கிட்ட இருக்கு. ஆனா எழுதினதுக்குப் பதிலா வேற பிராண்டு நானா தரக் கூடாது, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க." சட்டமும் அதைத்தான் சொல்கிறது. டாக்டருக்கு போன் செய்தேன். அடுத்த சீட்டிலிருந்து கம்பெனி பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயரையே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் சிக்கலே இல்லை. தீர ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்தால் போதும், திருச்சி வண்டியில் வந்துவிடும்.

ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள். உதிரியாகக் கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டித் தருவார்கள். காலாவதித் தேதி அச்சடித்த மூலை கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாகவே கேளுங்கள். வெளிச்சம் படாமல் வைக்க வேண்டிய மருந்து இது. வழவழவென்ற ஜெல் மாதிரி குளிகை, மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். எங்கள் வீட்டில் நெய்க்குக் குறைவில்லை. உதடுதான் பாளம் பாளமாக வெடிக்கும். கைப்பையில் வாசலின் இல்லாமல் வெளியே போவதில்லை. ஈரலுக்கும் கொழுப்புக்கும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டுத்தான் டாக்டர் இதையே தொடங்கினார். இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடுமாம்.

கல்யாணம் ஆகாத பெண்ணிடம் கருத்தடை பற்றி டாக்டர் நேராகக் கேட்டபோது பக்கத்தில் இருந்த அம்மா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் கேட்டே ஆக வேண்டும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை, இதயம், காது எல்லாவற்றையும் பாதிக்கிற மருந்து. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி கிடைத்தது. 2006 முதல் அங்கே பெயரைப் பதிவு செய்து, மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை முடிவைக் காட்டினால்தான் பெண்களுக்குத் தருவார்கள் என்று இருந்தது. இங்கே பல கவுன்டர்களில் கேட்கிற ஒரே கேள்வி, "கவர் வேணுமா?"

போன வாரம் ஆபீஸில் ஒரு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மீதி இருந்தா ரெண்டு அட்டை கொடேன்" என்றார். அடுத்த வருஷம் ரெண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம் என்று சொன்னவரும் அவர்தான். மாத்திரை தர மாட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டு, தில்லைநகர் டாக்டர் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்சம் முகம் சுண்டிப்போச்சு, பரவாயில்லை.