வீடு பார்க்க வரும்போது நாயையும் அழைத்து வரலாமா?

திருகோணமலை நகரிலும், அதைச் சுற்றியுள்ள உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி ஆகிய இடங்களிலும் வாடகைக்கும் விற்பனைக்கும் இருக்கும் வீடுகளை ஆட்களுக்குக் காட்டுவது என் தொழில். உறுதி சரியா, எல்லை சரியா, கிணற்றுத் தண்ணீர் உவர்க்குமா, மார்கழி மழைக்கு ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா என்ற கேள்விகள் எனக்குப் பழகிப்போனவை. இவற்றோடு சேர்ந்து, அண்மைய ஆண்டுகளில் இன்னொரு கேள்வியும் வழக்கமாகிவிட்டது. கொழும்பிலிருந்து இடமாற்றம் பெற்று வரும் உத்தியோகத்தர்களும், கடற்கரையோரம் மாதக்கணக்கில் தங்க வரும் வெளிநாட்டவர்களும், தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்க்கும் இளம் தம்பதிகளும் நாயோடோ பூனையோடோதான் வீடு தேடுகிறார்கள். வீட்டைப் பார்க்க வரும் நாளிலேயே அதையும் கூட்டிவரலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். சிலர் கேட்காமலே கூட்டி வந்துவிடுகிறார்கள்.

அந்த அனுமதியைக் கொடுக்கும் உரிமை எனக்கு இல்லை என்பதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். எங்கள் ஊரில் காட்டப்படும் வீடு வெறுமையாக இருப்பது அரிது. உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். வீட்டில் அவருடைய வயதான தாயார் இருப்பார். அல்லது இன்னும் இரண்டு மாதம் தவணை மீதமுள்ள வாடகைக் குடும்பம் இருக்கும். விலையைத் தீர்மானிப்பவர் கடல் கடந்து இருந்தாலும், அன்றைய நாளில் அந்த விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவருடைய சம்மதமே நாய் உள்ளே வருவதற்கு வேண்டும். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கிடைத்த சம்மதத்தைக் காட்டி ஒரு மூதாட்டியின் வீட்டுக்குள் நாயைக் கொண்டுபோவது, அவரை அவருடைய வீட்டிலேயே விருந்தாளியாக்குவதற்குச் சமம். ஆகவே நாய் இருப்பதாக ஒருவர் சொன்னவுடன், குடியிருப்பவரை அழைத்து, நாயின் உருவம், வயது, குணம் எல்லாவற்றையும் சொல்லி, அவருடைய விருப்பத்தைக் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே வருபவரிடம் சேர்க்கிறேன்.

உவர்மலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டைக் காட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டின் தரை பழைய சிவப்புச் சீமெந்துத் தரை. அவரே முழங்காலில் இருந்து மெழுகு தேய்த்து மினுக்கி வைத்திருந்த தரை அது. வாசலில் நின்றாலே யன்னல் கம்பிகளின் நிழல் அதில் தெரியும். வந்த குடும்பத்திடம் ஒரு லாப்ரடோர் இருந்தது. “பிள்ளை, முன்விறாந்தை வரைக்கும் வரட்டும், அதுக்கங்கால வேண்டாம், உள்ளே அம்மா படுத்திருக்கிறா” என்று ரீச்சர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், நானும் அதை வந்தவர்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அவர்களுடைய சிறிய மகன் சங்கிலியைப் பிடித்திருந்தான். நாய் ஒரு இழுப்பில் அவன் கையிலிருந்து விடுபட்டு, தரையில் நகம் வழுக்க வழுக்க ஓடி, நேரே அந்த அறைக்குள் போய், கட்டிலுக்கு வெளியே தொங்கிய கிழவியின் கையில் மூக்கை வைத்தது. அது செய்தது அவ்வளவுதான். ஆனாலும், எழும்ப முடியாத நிலையில் இருந்த அந்த அம்மாவுக்கு நடுக்கம் அடங்க வெகு நேரம் பிடித்தது. “எங்கட நாய் ஒன்றும் செய்யாது” என்று தகப்பன் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான், அவர் நல்ல மனிதர். இருந்தாலும் கடிக்காத நாயைக் கண்டும் ஒருவர் பயப்படலாம் என்பதும், அந்தப் பயத்துக்கு அவருடைய வீட்டில் இடம் கொடுக்க வேண்டும் என்பதும் அன்று அவருக்கு எளிதில் விளங்கவில்லை.

பயத்தைவிட நுட்பமான காரணங்களும் உண்டு. இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி என்ற மார்க்கச் சட்டப் பிரிவின்படி, நாயின் எச்சில் அல்லது ஈரம் பட்ட பொருளை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். தொழுகை நடக்கும் அறையில் நாய் மோந்து திரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு அன்று எவ்வளவு வேலை வைக்கிறோம் என்பதை வருபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்துக்களின் வீடுகளில், பைரவரின் வாகனம் என்று நாயை மதிப்பவர்கள்கூட அதைச் சாமி அறைப் பக்கம் விடமாட்டார்கள். இவர்களில் பலர், வாசலில் வந்து நிற்பவரை முகம் முறிக்க மனமில்லாமல், கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் வாசலில் வைத்துக் கேட்பதை நான் விரும்புவதில்லை. தொலைபேசியில், அதுவும் முதல் நாளே கேட்டால்தான் வேண்டாம் என்று சொல்வதற்கு அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

விற்பவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சங்கடம் இன்னொன்று. எங்கள் ஒழுங்கைகளில் தெருநாய்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. புதிய நாய் ஒன்று காரிலிருந்து இறங்கினால் ஒழுங்கை முழுவதும் குரைப்பு எழும்பும். குரைப்புக் கேட்டால் அயலவர்கள் கேற்றுக்கு வருவார்கள். வந்தால் யார், என்ன விடயம் என்று கேட்பார்கள். கடனுக்காகவோ, மகளின் கலியாணச் செலவுக்காகவோ, பிள்ளைகளிடம் போய்ச் சேர்வதற்காகவோ சத்தமில்லாமல் வீட்டை விற்க நினைக்கும் ஒருவருக்கு இது பெரிய வேதனை. விற்பனைப் பலகை மாட்ட வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டவரின் வீடு ஒரு நாயின் வரவால் ஊர்ப்பேச்சானதை நான் கண்டிருக்கிறேன்.

நகரின் நடுப்பகுதியில் மான்களையும் கவனிக்க வேண்டும். பிரெட்றிக் கோட்டையிலும் கடற்கரையோர மைதானத்திலும் புள்ளிமான்கள் அஞ்சாமல் மேய்வதும், கோட்டைக்குக் கிட்டவுள்ள வீதிகளில் அவை உலாவுவதும் எங்களுக்கு அன்றாடக் காட்சி. கொழும்பு மாடிக் குடியிருப்பில் வளர்ந்த நாய்க்கு அது அன்றாடக் காட்சி அல்ல. மானைக் கண்டதும் அது பாயும் வேகத்தில் பெரிய ஆளின் தோளே கழன்றுவிடும் போலிருக்கும். குட்டியோடு நிற்கும் மான் மிரண்டு வீதியில் குறுக்கே ஓடினால் வாகனத்தில் அடிபடவும் கூடும். கோட்டைப் பக்கத்து வீட்டைப் பார்க்க வருபவர்களிடம் நாயை அழைத்து வரவேண்டாம் என்று நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த ஒன்றில் நான் யாருடைய சம்மதத்தையும் கேட்பதில்லை.

உள்ளே அனுமதி இல்லை என்றதும் சிலர் நாயைக் காரிலேயே பூட்டிவிட்டு வருகிறார்கள். இதைவிட நாயோடு உள்ளே வருவதே மேல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வெயில் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே 32 பாகை செல்சியஸ் இருக்கும்போது பூட்டிய காரினுள் 10 நிமிடங்களில் 40 பாகையைத் தாண்டிவிடும். கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நாய் மனிதனைப் போல் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்வதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிளைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். சூழ்ந்திருக்கும் காற்றே கொதிக்கும்போது அதுவும் உதவாது. ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்க்க அரை மணித்தியாலமாவது வேண்டும். கேற்றில் கட்டிவிட்டு வருவதும் தெருநாய்களின் நடுவே அதை விட்டுவருவதே.

ஆகவே முதல் தடவை நாயில்லாமல் வாருங்கள் என்பதே என் வேண்டுகோள். நாய்க்காகப் பார்க்க வேண்டியவற்றை அதன் சொந்தக்காரர், இரு கையும் விடுதலையாக இருக்கும்போது, நாயைவிட நன்றாகப் பார்ப்பார். கேற்றுக் கம்பிகளின் இடைவெளி எவ்வளவு, மதிலின் அடியில் மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டை எங்கே இருக்கிறது, பின்வளவில் நண்பகலுக்கு நிழல் விழுமா, தரையில் வழுக்குமா என்பதெல்லாம் குனிந்து, அளந்து, கேட்டு அறிய வேண்டியவை. கிணற்றை மட்டும் நான் தவறாமல் காட்டுகிறேன். பழைய வளவுகளில் கிணற்றுக்கட்டு முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்காது, மேலே வலையும் இருக்காது. துள்ளி விளையாடும் நாய்க்கு அது போதாது. வலை போடும் செலவை யார் ஏற்பது என்பதை வாடகை பேசும்போதே பேசிவிடலாம்.

வீடு மனதுக்குப் பிடித்து, பேச்சு முற்பணம் வரை வந்த பிறகு, நாயைக் கொண்டுவந்து ஒரு தடவை காட்டுவது நல்லது. அதை நானே ஊக்குவிக்கிறேன். உரிமையாளர் தன் வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார் என்பதைக் கண்ணால் காண்கிறார், நாயும் இடத்தை மோந்து பார்க்கிறது. அந்த வரவு காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ இருக்க வேண்டும், நாயைப் பிடிப்பதற்கென்றே வளர்ந்த ஒருவர் வர வேண்டும். வரும் வழியில் எங்காவது நிறுத்தி, அது சிறுநீர் கழித்து முடித்தபின் கூட்டிவருவது கட்டாயம். ஆண் நாய் புதிய இடத்தின் சுவரிலும் தூணிலும் காலைத் தூக்குவது அதன் இயல்பு. அந்த வீட்டிலும் ஒரு நாய் இருந்தால், பிறகு வாரக்கணக்கில் அதே இடத்தில் அதுவும் தூக்கும். அப்படி நேர்ந்தால் அமோனியா கலந்த திரவத்தால் கழுவக் கூடாது. அந்த மணம் சிறுநீரை ஒத்திருப்பதால் நாய் மறுபடியும் அங்கேயே வரும்.

தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவரும்படியும் கேட்கிறேன். நாய்களை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் 1901ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, ஆனாலும் அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டிய பிறகு அநேகமாக மரணத்திலேயே முடியும் என்பதால், ஊசி போட்ட திகதி எழுதிய அந்த அட்டை வீட்டுக்காரருக்குத் தரும் ஆறுதல் பெரிது. மறுபக்கம், தடுப்பூசிகள் இன்னும் முடியாத குட்டிகளை நான் வெறும் வீட்டின் தரையில்கூட இறக்க விடுவதில்லை. குட்டிகளைக் கொல்லக்கூடிய வயிற்றோட்ட நோயைக் கொடுக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முன்பு அங்கே இருந்த நாய் எதனால் செத்தது என்பதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

பூனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: கொண்டுவராதீர்கள். கூடைக்குள் இருக்கும் பூனை வீட்டைப் பார்ப்பதில்லை, நடுங்கிக்கொண்டு படுத்திருக்கும். திறந்துவிட்டால் கிடைத்த இடுக்கில் ஒளிந்துவிடும். திருக்கடலூர்ப் பக்கம் ஓட்டுக் கூரை வீடொன்றில் ஒரு பெண் இரக்கப்பட்டுக் கூடையின் மூடியைச் சிறிது நீக்கினார். பூனை அலுமாரி வழியாக ஏறி, சுவரின் தலைக்கும் ஓட்டுக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரர் ஏணி கொண்டுவந்து, கருவாட்டுத் துண்டு காட்டி, பொறுமையாகக் காத்திருந்து இறக்கிக் கொடுத்தார். அவருடைய பொறுமையை நான் மறக்கமாட்டேன். எல்லா வீட்டுக்காரரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. பூனையின் ரோமத்தோடும் தோலோடும் உதிர்வது, பூனை போன பின்னும் மாதக்கணக்கில் வீட்டில் தங்கி, முட்டு வருத்தம் உள்ளவர்களைத் துன்புறுத்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த மரியாதை விற்பவர் பக்கத்திலும் இருக்க வேண்டும். ஆட்கள் வீடு பார்க்க வரும் நேரத்தில் காவல் நாயை அவிழ்த்துவிட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாயை ஓர் அறையில் அடைத்துவிட்டு, அந்த அறையை மட்டும் காட்ட முடியாது என்று சொல்வதும் சரியல்ல, வாங்குபவர் முழு வீட்டையும் பார்க்க உரிமையுள்ளவர். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நாயை அயல்வீட்டில் விடலாம், அல்லது வீட்டிலிருந்து ஒருவர் அதை நடத்திக் கொண்டுபோகலாம். தற்செயலாகக் கடி விழுந்துவிட்டால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறு கீறல்தானே என்று விற்பவர் தடுக்கவோ, வெட்கப்பட்டு வாங்குபவர் மறைக்கவோ கூடாது.

எல்லாவற்றிலும் என் மனதை அதிகம் வருத்துவது, விற்பவரோடு போக முடியாத நாயின் நிலை. குடும்பம் முழுவதும் வெளிநாட்டுக்குப் போகிறது, உறவினர் வீட்டில் இடமில்லை, நாய்க்கோ வயதாகிவிட்டது. பலர் இதைக் கடைசி நாள் வரை வாய் திறப்பதில்லை. திறப்பு கைமாறிய பின், புதியவர்கள் வந்து பார்த்தால் பின்வளவில் நாய் கிடக்கும். அலஸ்தோட்டத்தில் ஒரு குடும்பம் அப்படிச் செய்யவில்லை. வீட்டைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர்கள் நாயையும் காட்டினார்கள், அதன் பெயரைச் சொன்னார்கள், அது மதியம் சோறு தின்னாது, மாலையில் மீன் குழம்புச் சோறு மட்டும் தின்னும் என்பதையும் சொன்னார்கள். இருவர் அதற்காகவே வேண்டாம் என்று போனார்கள். மூன்றாவதாக வந்த தம்பதி, உறுதி எழுதுவதற்கு முந்திய வாரம் முழுவதும் மாலையில் வந்து தாங்களே சோறு வைத்தார்கள். வீட்டுக்காரர்கள் அந்த நேரம் வேண்டுமென்றே உள்ளே இருந்துகொண்டார்கள். முதல் நாள் நாய் சட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை, வாரம் முடிவதற்குள் கேற்றுச் சத்தத்துக்கு எழுந்து வந்தது. அதற்குப் பிறகு, விற்பனைக்கு வரும் எந்த வீட்டிலும் காணி எத்தனை பேர்ச், கிணறு எத்தனை அடி என்று எழுதும் அதே தாளில், நாய் இருந்தால் அதன் வயது, கடைசி ஊசி போட்ட திகதி, தின்னும் நேரம், அது யாரோடு போகப்போகிறது என்பவற்றையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.