கபீர் என்றால் ‘பெரிய’ இல்லை, ‘பெரியது’: அரபி ஸிஃபத்தில் நான் தடுக்கி விழுந்த இடங்கள்

முதல் உள்தேர்வில் அரபியில் எனக்கு 25க்கு 9. ஆறு வயதிலிருந்து மதரஸாவில் ஓதியவன், ரமலானில் ஒரு தடவையாவது குர்ஆனை முடித்துவிடுபவன் என்ற தெம்பில்தான் கல்லூரியில் பகுதி 1 மொழியாகத் தமிழை விட்டு அரபியை எடுத்திருந்தேன். விடைத்தாளைப் பார்த்த அத்தா ஒன்றும் சொல்லவில்லை. நன்னிதான் கேட்டார்: “அப்ப இத்தனை வருஷம் ஓதுனது?”

போன 16 மதிப்பெண்ணில் 11 ஒரே இடத்தில் போயிருந்தது: மவ்ஸூஃப், ஸிஃபத். அதாவது பெயரும் அதன் அடைமொழியும். சில வினாத்தாள்களில் இதையே மன்ஊத், நஅத் என்று கேட்பார்கள், பயந்துவிடாதீர்கள், ஒன்றுதான். நான் எங்கே வழுக்கினேன், எதைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன் என்பதை நஹ்வு, அதாவது அரபி இலக்கணம், புதிதாகப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அடிப்படைத் தவறு என் நோட்டிலேயே இருந்தது. “கபீர் - பெரிய, ஸகீர் - சிறிய, ஜதீத் - புதிய” என்று எழுதி உருப்போட்டிருந்தேன். தமிழில் ‘பெரிய’ அசையாத சொல். பெரிய வீடு, பெரிய வீடுகள், பெரிய அக்கா, பெரிய வீட்டில் என்று பின்னால் எது வந்தாலும் அது அப்படியே நிற்கும். இந்தப் பழக்கத்தோடு அரபிக்குப் போனால், ஓர் அடைமொழி எதற்காகப் பால், எண், மஃரிஃபா நகிரா (குறிப்பிட்டதா, பொதுவானதா), கடைசி ஹரகத் (உயிர்க்குறி) என்று நான்கிலும் பெயரின் பின்னாலேயே ஓடுகிறது என்று எரிச்சல்தான் வரும். நான்கையும் நான்கு விதியாக மனப்பாடம் செய்தேன். தேர்வு அறையில் இரண்டு வந்தன, இரண்டு வரவில்லை.

அரபி இலக்கணத்தில் சொல் மூன்றே வகை: இஸ்மு (பெயர்), ஃபிஃலு (வினை), ஹர்ஃபு (இடைச்சொல்). அடைமொழிக்குத் தனி வகை கிடையாது, அதுவும் இஸ்முதான். பைத் (வீடு) எப்படிப் பெயரோ, கபீரும் அப்படியே பெயர். ஆகவே கபீருக்குத் தமிழில் ‘பெரியவன்’ அல்லது ‘பெரியது’ என்று எழுத வேண்டும். கபீரா, ‘பெரியவள்’. கிபார், ‘பெரியவர்கள்’. நோட்டை இப்படித் திருத்திய அன்றே பாதிக் குழப்பம் போய்விட்டது. பெரியவன், பெரியவள், பெரியவர்கள் என்று நாமும் பாலும் எண்ணும் பார்த்துத்தானே சொல்கிறோம்? பெரியவரை, பெரியவருக்கு என்று வேற்றுமையும் ஏற்றுகிறோம். அல்பைதுல் கபீரு என்பதை ‘வீடு, பெரியது’ என்று இரண்டு பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதாகப் பாருங்கள். முன்னால் போகிறவர் போட்ட உடையையே பின்னால் வருகிறவரும் போட வேண்டும்.

அடுத்த வழுக்கல் ‘அல்’, பெயரின் முன்னால் ஒட்டி அதை மஃரிஃபா ஆக்கும் ஒட்டு. பைதுன் கபீருன் என்றால் ஒரு பெரிய வீடு. அல்பைதுல் கபீரு என்றால் அந்தப் பெரிய வீடு. அல்பைது கபீருன் என்றால் ‘வீடு பெரியது’. இது முழு வாக்கியம், முப்ததாவும் (எழுவாய்) கபரும் (பயனிலை). தமிழில் ‘பெரிய’, ‘பெரியது’ என்று சொல்லே வடிவம் மாறி நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அரபியில் அந்த வேலையை ‘அல்’ செய்கிறது. நம் கண் சொல்லின் வடிவத்தைத் தேடிப் பழகியதால் ‘அல்’லைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டிலும் இருந்தாலோ இரண்டிலும் இல்லாமல் இருந்தாலோ ஸிஃபத்தாக எடுக்கலாம். முதலாவதில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வாக்கியம்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘அல்’ இல்லாமலே மஃரிஃபாவாக இருக்கும் சொற்கள். ‘என் புதிய புத்தகம்’ என்று கேட்டதற்கு நான் கிதாபீ ஜதீதுன் என்று எழுதினேன். அதற்குப் பொருள் ‘என் புத்தகம் புதியது’. ‘என்’ சேர்ந்ததுமே கிதாப் மஃரிஃபா ஆகிவிட்டது, எனவே ஸிஃபத்துக்கு ‘அல்’ வேண்டும்: கிதாபில் ஜதீது. ஆள் பெயர், ஊர்ப் பெயருக்கும் இதே கதை.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ‘பள்ளிவாசலின் பெரிய கதவு’ என்பதை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். தமிழில் ‘பெரிய’ கதவை ஒட்டித்தானே இருக்கிறது, நானும் கதவை ஒட்டியே வைத்து பாபுல் கபீரு மஸ்ஜிதி என்று எழுதினேன். சார் அதைச் சிவப்பில் வட்டமிட்டு ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். முளாஃபையும் (உடைமை, இங்கே கதவு) முளாஃப் இலைஹியையும் (அதை உடையது, இங்கே பள்ளிவாசல்) பிரித்து நடுவில் ஸிஃபத்தை உட்கார வைக்கக் கூடாது. கதவும் பள்ளிவாசலும் சேர்ந்து முடிந்த பிறகுதான் அதற்கு இடம். ஆக, பள்ளிவாசலின் பெரிய கதவு: பாபுல் மஸ்ஜிதில் கபீரு. பெரிய பள்ளிவாசலின் கதவு: பாபுல் மஸ்ஜிதில் கபீரி. ‘ரு’, ‘ரி’. அவ்வளவுதான் வித்தியாசம். ஹரகத் போடாமல் எழுதினால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தமிழில் சொல் நிற்கும் இடம் சொல்வதை அரபியில் கடைசி ஹரகத் சொல்கிறது.

விளங்கவில்லை என்று சாரிடம் போய் நின்றேன். “தம்பி, ஹுமஸா சூரா மனப்பாடமா?” என்றார். குர்ஆனின் அந்த அத்தியாயத்தை ஓதினேன். நாருல்லாஹில் மூகதா வந்ததும் நிறுத்தினார். “மூட்டப்பட்டது எது?”

“நெருப்பு சார்.”

“பக்கத்தில் அல்லாஹ் என்ற சொல் இருக்கிறதே, அதற்கு ஸிஃபத் என்று ஏன் சொல்லவில்லை?”

பதினைந்து வருடமாக ஓதுகிற வரி. அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். நார் (நெருப்பு) முளாஃப், அல்லாஹ் முளாஃப் இலைஹி, இரண்டும் முடிந்த பிறகு மூகதா (மூட்டப்பட்டது). நார் என்ற சொல்லில் தா மர்பூதா, அதாவது பெண்பாலைக் காட்டும் கடைசி எழுத்து, இல்லை, ஆனாலும் அது பெண்பால். அதனால்தான் ஸிஃபத் மூகதா என்று பெண்பாலில் வந்து யாருக்குச் சொந்தம் என்று காட்டிவிடுகிறது. (நார் பெண்பால் என்பது மறந்துபோனால் அல்காரிஆ சூராவின் கடைசி வசனம் கைகொடுக்கும்: நாருன் ஹாமியா.)

அர்ரஹ்மான் சூராவில் இது இன்னும் அழகாக இருக்கிறது. 27ஆம் வசனம் வஜ்ஹு ரப்பிக துல்ஜலாலி, உம் இறைவனின் மாண்புடைய முகம். 78ஆம் வசனம் இஸ்மு ரப்பிக தில்ஜலாலி, மாண்புடைய உம் இறைவனின் பெயர். நாம் ஓதும் ஹஃப்ஸ் என்ற ஓதல் வழியில் முதலாவது ‘து’, இரண்டாவது ‘தி’. சின்ன வயதில் இரண்டையும் மாற்றி ஓதி மதரஸா ஹஜ்ரத்திடம் வாங்கியிருக்கிறேன். காரணம் இப்போது தெரிகிறது: ‘து’ ரஃப்உ (எழுவாய் நிலை), ஆகவே அது வஜ்ஹுக்கு ஸிஃபத்; ‘தி’ ஜர்ரு (உடைமை காட்டும் நிலை), ஆகவே அது ரப்பிக்கு. புரூஜ் சூராவின் 15ஆம் வசனம் துல்அர்ஷில் மஜீத். நம் ஓதலில் மஜீது, மாண்புக்குரியவன் அல்லாஹ். ஹம்ஸா, கிஸாயீ ஆகிய ஓதல் இமாம்களின் ஓதலில் மஜீதி, மாண்பு அர்ஷுக்கு (இறைவனின் அரியணைக்கு). ஒரே ஒரு ஹரகத் ஸிஃபத்தின் சொந்தக்காரரை மாற்றிவிடுகிறது. வசன முடிவில் வக்ஃபு செய்தால் (நிறுத்தினால்) இரண்டுமே ‘மஜீத்’ என்றுதான் காதில் விழும் என்பது வேறு.

பன்மையில் நமக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. அரபியில் பகுத்தறிவு உள்ளவை, இல்லாதவை என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆகில், ஃகைரு ஆகில் என்பார்கள். உயர்திணை, அஃறிணை படித்த நமக்கு இது புதிதா என்ன? அஃறிணைப் பன்மைக்கு ஸிஃபத் பெண்பால் ஒருமையில் வரும்: குதுபுன் ஜதீததுன், புதிய புத்தகங்கள். வேறு மொழி பேசும் நண்பர்கள் இதில் முட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாம் வீட்டில் என்ன பேசுகிறோம்? “மாடுங்க மேயுது”, “புத்தகமெல்லாம் அங்க இருக்கு.” பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை. அதே மனப்போக்குதான் என்று வைத்துக்கொண்டால் பதியும். ஹுமஸாவின் கடைசி வசனம் ஃபீ அமதின் முமத்ததா, நீட்டப்பட்ட தூண்களில். அதுவும் இந்த வகை. இருமையில் இந்தச் சலுகை கிடையாது: கிதாபானி ஜதீதானி என்று ஒழுங்காகவே வரும்.

சாதகம் என்று நம்பி நான் விழுந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘சிறு குழந்தைகள்’ என்பதற்கு அத்ஃபாலுன் ஸகீரதுன் என்று எழுதினேன். தமிழில் குழந்தை அழுகிறது, குழந்தை தூங்குகிறது, அஃறிணைதானே! அரபியில் குழந்தை ஆகில். அத்ஃபாலுன் ஸிகாருன் என்றே எழுத வேண்டும். இன்னொன்று, குர்ஆனில் 2:80இல் அய்யாமன் மஃதூததன் என்றும் 2:184இல் அய்யாமன் மஃதூதாதின் என்றும் வருகிறது. நாட்களுக்குப் பெண்பால் ஒருமையும் உண்டு, பெண்பால் பன்மையும் உண்டு. தேர்வில் ஒருமையை எழுதிவிடுங்கள், வம்பில்லை.

வண்ணங்களைப் பற்றிச் சுருக்கமாக: அஹ்மர் (சிவப்பு, ஆண்பால்), ஹம்ராஉ (பெண்பால்), ஹும்ர் (பன்மை) என்று மூன்றாகப் படியுங்கள். முதல் இரண்டுக்கும் தன்வீன் (கடைசியில் வரும் ‘ன்’ ஒலி) கிடையாது. ஜர்ரு இடத்தில் கஸ்ராவுக்குப் (‘இ’ ஒலி) பதில் ஃபத்ஹா (‘அ’ ஒலி). பிகலமின் அஹ்மர, சிவப்புப் பேனாவால். ‘அல்’ சேர்ந்தால் மட்டும் கஸ்ரா திரும்பி வரும்: பில்கலமில் அஹ்மரி. பொறுமைசாலிப் பெண்ணுக்கு ஸபூர், காயம்பட்ட பெண்ணுக்கு ஜரீஹ். மவ்ஸூஃப் கூடவே இருந்தால் இவற்றுக்குத் தா மர்பூதா போடுவதில்லை. ஜரீஹில் எனக்கு இறுதித் தேர்வில்கூட ஒரு மதிப்பெண் போனது, போகட்டும்.

ஒரு முழு வாக்கியமே ஸிஃபத்தாக வருவது பலருக்கு மிரட்டலாக இருக்கும். நமக்குப் பெயரெச்சம் இருப்பதால் மிரள வேண்டியதில்லை. ரஅய்து ரஜுலன் யக்ரஉ: படிக்கிற ஒரு மனிதரைப் பார்த்தேன். ரஅய்துர் ரஜுல யக்ரஉ: அந்த மனிதர் படித்துக்கொண்டிருக்கப் பார்த்தேன். நகிராவுக்குப் பின் வரும் வாக்கியம் ஸிஃபத், மஃரிஃபாவுக்குப் பின் வருவது ஹால், அதாவது அப்போதைய நிலையைச் சொல்வது. மஃரிஃபாவுக்கும் ‘படிக்கிற’ என்றே சொல்ல வேண்டுமானால் நடுவில் அல்லதீ போடுங்கள். மதரஸாவில் இந்த வாய்பாட்டை அரபியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை.

கொஞ்சம் மேலே போனால் நஅத் ஸபபீ என்று ஒன்று வரும். 4:75இல் ஹாதிஹில் கர்யதிள் ளாலிமி அஹ்லுஹா: மக்கள் அநியாயக்காரர்களாக இருக்கும் இந்த ஊர். கர்யா பெண்பால், ளாலிம் ஆண்பால். அச்சுப் பிழை இல்லை! ஊருக்கு ஸிஃபத்தாக வந்தாலும் அந்தக் குணம் ஊருடையது இல்லை, பின்னால் வரும் அஹ்லுடையது. ஆகவே ‘அல்’லும் கடைசி ஹரகத்தும் முன்னால் இருப்பதைப் பார்த்து, பால் பின்னால் வருவதைப் பார்த்து. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து இலக்கண அறிஞர் இப்னு ஆஜுர்ரூம் 1323இல் இறந்தவர். அவருடைய ஆஜுர்ரூமிய்யா இன்றும் ஆரம்பப் பாடம். அதில் நஅத் எதையெல்லாம் பின்தொடரும் என்று சொல்லும் இடத்தில் ரஃப்உ, நஸ்பு (செயப்படுபொருள் நிலை), ஜர்ரு, மஃரிஃபா, நகிரா மட்டுமே இருக்கும். பாலையும் எண்ணையும் அவர் சொல்லவில்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்திருந்தேன். இந்த வசனத்தைப் படித்த பிறகு, மறந்தது அவரில்லை என்று தெரிந்தது.

தேர்வு அறையில் நான் செய்ததைச் சொல்கிறேன். ஹரகத் இடும் கேள்வி வந்தால் ஸிஃபத்தை முதலில் தொடவே மாட்டேன். மவ்ஸூஃப் எது என்று பென்சிலால் கோடு போட்டு, அதற்கு ஏன் ரஃப்உ அல்லது நஸ்பு அல்லது ஜர்ரு என்று முடிவு செய்து, அதன் ஹரகத்தைப் போட்ட பிறகே பின்னால் வருவதற்குப் போவேன். அவசரத்தில் ஸிஃபத்துக்கு முதலில் காது பழகிய ஹரகத்தைப் போட்டுவிட்டு மவ்ஸூஃபை அதற்கு ஏற்ப வளைத்தவர்கள் எங்கள் வகுப்பில் நிறைய. நானும் ஒருவன். இஃராப் (சொல்லின் இலக்கண நிலை) கூறுக என்றால் வெறுமனே ‘ஸிஃபத்’ என்று விடாதீர்கள். எதற்கு ஸிஃபத், மஜ்ரூராக (ஜர்ரு நிலையில்) இருந்தால் அடையாளம் கஸ்ராவா ஃபத்ஹாவா என்பதையும் எழுதினால்தான் முழு மதிப்பெண். மொழிபெயர்ப்பில் தமிழ் வாக்கியத்தின் அடைமொழியை மனத்துக்குள் ‘பெரியது’ வடிவத்துக்கு மாற்றிய பிறகு அரபிக்குப் போங்கள்.

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் தேடி அலையவில்லை. அல்காரிஆ 11 வசனம், ஹுமஸா 9 வசனம். சிதறிய விட்டில்கள், பன்னிய கம்பளி, திருப்தியான வாழ்வு, கொதிக்கும் நெருப்பு என்று காரிஆ முழுக்க ஸிஃபத்துதான். ஹுமஸாவின் 8ஆம் வசனத்தில் முஃஸதா என்று வருவது ஸிஃபத் போலவே காதில் விழும், ஆனால் அது ‘இன்ன’ என்ற இடைச்சொல்லின் கபர். இந்த மாதிரி இடங்களைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரே சிக்கல், வசன முடிவில் நிறுத்தி ஓதிப் பழகிய வாய்க்குக் கடைசி ஹரகத் தெரியாது. மூகதா என்று நின்றுவிடுவோம். அதனால் இறுதித் தேர்வுக்கு முந்தைய இரவு நிறுத்தாமல் சேர்த்து ஓதிப் பார்த்தேன்: நாருல்லாஹில் மூகததுல்லதீ தத்தலிஉ அலல் அஃப்இதா. அந்த ‘து’ வந்ததும் நன்னி தஸ்பீஹை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “என்னப்பா, புதுசா ஓதுற?”