உப்புக்காற்றில் நின்ற காரோடு டிராக்குக்கும் சர்க்யூட்டுக்கும்

ராமநாதபுரம் கடற்கரையில் வேகம் என்றால் நேர்ச்சாலைதான். தொண்டிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் அரிச்சல்முனை வரை இருபுறமும் கடல். அதனால் "முதலில் டிராக், சர்க்யூட் அப்புறம்" என்றுதான் இங்கே எல்லோருக்கும் தோன்றும். டிராக் (drag) என்றால் நேர்க்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயம், சர்க்யூட் என்றால் வளைவுகள் கொண்ட பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது. ஒரே 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்கை இரண்டுக்கும் கொண்டுபோய் வந்த அனுபவத்தில் சொல்கிறோம்: வரிசையை மாற்றுங்கள்.

அந்தச் சாலைகளிலேயே ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் பொதுச்சாலைப் பந்தயத்துக்கு 3 மாதம் வரை சிறை, 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையில் மணல் வேறு ஏறிக் கிடக்கும். 80இல் பிரேக் பிடித்தாலே வண்டி வழுக்கும்.

எங்களுக்குக் கிடைத்த இடங்கள் இரண்டு: கோவை செட்டிபாளையத்தில் சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 12 வளைவுகள் கொண்ட 3.717 கிலோமீட்டர் பாதை. டிராக் போட்டிக்கும் இருங்காட்டுக்கோட்டையின் நேர்ப்பகுதியே பயன்படுகிறது. எதுவானாலும் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். ஓட்டப்போகும் காரிலேயே போய், அதிலேயே திரும்பவும் வேண்டும். தயாரிப்பு முழுக்க இதை மனதில் வைத்துத்தான்.

முதல் வேலை துரு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகம் அரிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் நம் காற்று எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளைப் பாருங்கள். உள்பக்கப் பேடு அதிகம் தேய்ந்து வெளிப்பக்கம் புதிதாக இருந்தால், காலிபர் (பேடுகளைப் பிடித்து அழுத்தும் பாகம்) நழுவ உதவும் பின் (pin) இறுகிவிட்டது என்று அர்த்தம். ஊர் ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது. சர்க்யூட்டில் அந்த ஒரு பேடு மட்டும் வெந்துபோகும். பின்னை வெளியே எடுத்துத் துருவைச் சுரண்டி, சிலிக்கோன் பிரேக் கிரீஸ் போட வேண்டும். பட்டறையில் கைக்குக் கிடைக்கும் சாதா கிரீஸைத் தடவினால் ரப்பர் உறை ஊதி, அந்தப் பின் மறுபடி இறுகும்.

அடுத்து பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் தரக்கணக்குப்படி 155 வரை இறங்கலாம். முழுதாக மாற்ற ஒரு லிட்டர் வாங்குங்கள். அதைவிட முக்கியம், முந்தைய நாள் இரவே பிளீடர் நிப்பிள்களில் (பழைய ஆயிலை வெளியேற்றும் திருகுகள்) துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது. உப்பில் இறுகிய நிப்பிளை அவசரத்தில் திருகினால் உடைந்து காலிபரோடு செலவு வரும்.

ரேடியேட்டரில் நம் ஊர்க் கிணற்று உவர்நீர் ஒரு சொட்டும் ஏறக்கூடாது. கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை நாங்கள் தொடுவதில்லை. டயர் பட்டனில் ஒடிந்து நிற்கும் சீமைக்கருவேல முள்ளையும் தேடி எடுக்க வேண்டும். அது உள்ளே இருக்கும்வரை காற்று இறங்காது. டயர் சூடேறி நெளியும்போதுதான் இறங்கும்.

டிராக்கில் கால் மைல், அதாவது 402 மீட்டர். நேரத்தைத் தீர்மானிப்பது அதில் முதல் 18 மீட்டர். அங்கே பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சம் பிடித்தால் கடைசியில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். முன் டயரில் காற்றை வழக்கத்தைவிட 4 பிஎஸ்ஐ குறைத்து, பின் டயரில் 3 கூட்டினோம். பர்ன்அவுட்டுக்கு (நின்ற இடத்திலேயே டயரைச் சுழற்றிச் சூடாக்குவது) தண்ணீர் தெளித்திருக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். சாதா டயரின் பட்டனில் தங்கும் நீர் தொடக்கக் கோட்டில் சொட்டி, நீங்களே அதில் வழுக்குவீர்கள்.

தொடக்கக் கோட்டை நெருங்கும்போது டயர் மறிக்கும் ஒளிக்கதிர்கள் இரண்டு. முதல் விளக்கு எரிந்ததும் ஊர்ந்து, இரண்டாவது எரிந்த கணமே நின்றுவிட வேண்டும். இன்னும் உள்ளே தள்ளி நின்றால் கார் உருண்டு வேகம் எடுக்கும் சில அங்குலம் வீணாகிறது. மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கும் முறை என்றால், கடைசி மஞ்சளைக் கண்டதும் கிளட்சை விடுங்கள். பச்சைக்குக் காத்திருந்தால் தாமதம்தான். ஓட்ட நேரம் டயர் நகர்ந்த பிறகே தொடங்குவதால், தாமதம் சீட்டில் வரும் நேரத்தைக் கெடுக்காது. போட்டியை மட்டும் தோற்கடிக்கும்.

எங்கள் வண்டிக்கு 2500 முதல் 3000 ஆர்பிஎம் சரிப்பட்டது. அதற்கு மேல் வெறும் சுழற்சி. முன்சக்கரம் 'தொக் தொக்' என்று துள்ளினால் உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். பிடிவாதமாக மிதித்தால் இன்ஜின் மவுண்ட்டும் டிரைவ்ஷாஃப்ட் ஜாயிண்ட்டும் போகும். கிளட்ச் வாடை வந்தால் இருபது நிமிடம் ஓய்வு. ஒரு ஓட்டம் இருபது விநாடிகூட இல்லை, வரிசையில் நிற்பது முக்கால் மணி நேரம். கற்றுக்கொள்ளக் கிடைப்பதும் அந்த அளவுதான்.

சர்க்யூட் வேறு கணக்கு. ஆள் உட்பட 1100 கிலோ காரை 120இலிருந்து 60க்குக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு பிரேக்குக்குப் போகிறது. ஒரு சுற்றில் பல தடவை, பதினைந்து நிமிடம் தொடர்ந்து. பெடல் பஞ்சுபோல் அடியில் போனால் ஆயில் கொதித்துவிட்டது. பெடல் கல்லாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு வெந்துவிட்டது. இரண்டுக்கும் உடனடி மருந்து ஒன்றே: வேகத்தைக் குறைத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்று வந்து உள்ளே வருவது. நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

காற்றழுத்தத்தை நிறுவன அளவில் வைத்துத் தொடங்கி, நான்கு சுற்றுக்குப் பின் சூட்டோடு அளந்து பார்த்தால் 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும், ஏறியதை இறக்குங்கள். டயர் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்தால் எவ்வளவு மடங்குகிறது என்று தெரியும். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டில் இருக்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். மிதியடி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் பாட்டில் உருண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சர்க்யூட்டை முதலில் வைக்கச் சொல்வது இதனால்தான். அதற்காகச் செய்த காலிபர் பின், பிரேக் ஆயில், கூலன்ட் வேலை எல்லாம் பாம்பன் பாலத்தில் பேருந்துக்குப் பின்னால் போகும்போதும் உதவும். டிராக்குக்கென்று செலவழித்தது அன்றோடு தேய்ந்துவிட்டது. இன்னொன்று, சாதாரண கார் காப்பீடு பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ செல்லாது. வேலியில் மோதினால் முழுச் செலவும் நம் கையிலிருந்து.

கிளம்பும் முன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றி, சக்கர நட்டுகளை ஆறியபின் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், சரியான எண் கையேட்டில் இருக்கும். அடிப்பாகத்தைக் கோவையிலேயே கழுவிவிடுங்கள். நல்ல தண்ணீருக்குக் குடம் எண்ணும் ஊருக்கு வந்து அதைச் செய்ய முடியாது.