டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். பண்ருட்டி முந்திரி வியாபாரிகள், நெல்லிக்குப்பம் பக்கத்து அரிசி ஆலைக்காரர்கள், புதுச்சேரியில் விடுதி நடத்துபவர்கள், டியூஷன் சென்டர் வைத்திருக்கும் வாத்தியார்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருவார்கள். தளத்தில் என்ன எழுதுவது, என்ன படம் போடுவது என்று எதையும் யோசித்திருக்க மாட்டார்கள். தளத்தின் விலாசமாக வரும் பெயரை, அதாவது டொமைனை மட்டும் முடிவு செய்துவிட்டுத்தான் படியேறுவார்கள். "நம்ம கடைப் பேரையே போட்டு ஒரு டாட் காம் வாங்கிடு தம்பி, அவ்வளவுதான்."

தேடிப் பார்த்தால் அந்தப் பெயர் எப்போதோ போயிருக்கும். ஊருக்கு ஊர் முருகன் ஸ்டோர்ஸ் இருக்கலாம், லட்சுமி டிரேடர்ஸ் இருக்கலாம். அந்தப் பெயரில் டாட் காம் உலகத்துக்கே ஒன்றுதான். முதல் டாட் காம் பெயரை சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனம் 1985 மார்ச் 15 அன்று பதிந்தது. நாற்பது வருடமாக ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனதில் மிச்சம் இருப்பதைத்தான் நாம் பொறுக்க வேண்டும். இந்தியாவுக்கான டாட் இன் கொஞ்சம் தேவலை. அதை எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிட்டதே 2005-இல்தான். உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் போதும் என்பது என் கட்சி. "டாட் காம் இல்லன்னா மதிப்பா இருக்காதே" என்று இழுப்பார்கள். சரி, இஷ்டம். ஆனால் டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர் என்று முதல் வருடம் சொற்பக் காசுக்குக் கூவி விற்பதைப் பார்த்து ஆசைப்பட்டால் மட்டும், இரண்டாம் வருட ரினியூவல் தொகையைக் காட்டிவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

பெயர் கிடைத்தாலும் அடுத்த சண்டை ஸ்பெல்லிங்கில். நாம் தமிழில் பேசுகிறோம், விலாசத்தை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். 'ழ' வந்தால் ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா? 'த'வுக்கு டி-யா, டி-எச்சா? பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் கடைப் பெயரில் 'எழில்' என்ற சொல் இருந்தது. எழுதிக் காட்டினால் அழகாகத்தான் இருந்தது. நான் ஒரு வேலை சொன்னேன்: "அண்ணாச்சி, உங்க ஆளுங்க யாருக்காவது போன் போட்டு இந்தப் பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. ஸ்பெல்லிங் சொல்லாதீங்க. வாட்ஸப்புல டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க." ஓசூரில் இருக்கும் மருமகனைக் கூப்பிட்டார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வந்து விழுந்தது இ-எல்-ஐ-எல். அண்ணாச்சி போனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம மாப்ளைக்கே வரலையே, வெளியூர்க்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்றார்.

'முந்திரி' போடலாம் என்றால் அதற்கும் மூன்று விதமாக ஸ்பெல்லிங் வருகிறது. கடைசியில் பாக்கெட்டில் எல்லோரும் பார்த்துப் பழகிய 'கேஷ்யூ' என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்து, முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்தோம். ஊர்ப் பெயருக்கு நான் வைத்திருக்கும் வழி சுலபமானது: ரயில் நிலையப் பலகையில் எப்படி எழுதியிருக்கிறதோ, அப்படியே. கண்ணில் பட்டுப் பட்டுப் பதிந்த எழுத்து அது. புதுச்சேரிக்கு மட்டும் அந்த வழி செல்லாது. 2006-இல் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது. ஆனால் வெளியூரிலிருந்து அறை தேடுகிறவர்கள் இன்னும் பழைய 'பாண்டிச்சேரி'யைத்தான் தட்டுகிறார்கள், நம் பக்கத்துப் பையன்கள் 'பாண்டி' என்றே தட்டுகிறார்கள். அங்கே விடுதி வைத்திருப்பவர்களிடம் ஊர்ப் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நடுவில் ஹைஃபனும் வேண்டாம். "நடுவுல ஒரு கோடு" என்று போனில் சொன்னால் எதிராளி அண்டர்ஸ்கோர் போடுவார். டொமைன் பெயரில் அண்டர்ஸ்கோருக்கு இடமே கிடையாது.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. வைக்கலாம். டாட் இந்தியா என்பதைத் தமிழ் எழுத்திலேயே, டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பு தருகிறது. எனக்கு ஆசைதான். நடைமுறையில், அந்த விலாசத்தைக் காப்பி செய்து இன்னொரு இடத்தில் ஒட்டும்போது பல சமயம் எக்ஸ்-என் என்று தொடங்கி யாருக்கும் புரியாத எழுத்துக் குவியலாக வந்து நிற்கும். உள்ளே கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவம் அதுதான். ஆனால் பார்க்கிறவர் வைரஸ் லிங்க் என்று பயந்துவிடுவார். அதில் ஈமெயில் முகவரி வைத்தால், பதிவுப் படிவங்கள் பலவும் அதை ஏற்பதில்லை. அதனால் இரண்டாவது பெயராக வாங்கி முதல் பெயருக்குத் திருப்பிவிடச் சொல்வேன்.

அப்புறம் நியூமராலஜி. மஞ்சக்குப்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஒருவர் போர்டில் இருக்கும் ஸ்பெல்லிங்கில் ஒரு ஏ-யும் ஒரு எச்சும் கூடுதல். யாரும் அப்படித் தட்டப் போவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "எண் கணிதம் பாத்து வச்சது, அதை மாத்த முடியாது" என்றார். சரி, இரண்டையும் வாங்கினோம்: ராசியான ஸ்பெல்லிங்கில் ஒன்று, வாடிக்கையாளர் தட்டும் ஸ்பெல்லிங்கில் ஒன்று. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு மேல் ராகு காலம் என்பதால் பன்னிரண்டு தாண்டும் வரை ஓடிபி அடிக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கி வரச் சொல்லிக் காத்திருந்தோம். பன்னிரண்டு ஐந்துக்குப் பணம் கட்டினோம். உடனே பதிவு விவரத்தைத் திறந்து காட்டினேன். அதில் 06:35 என்று இருந்தது. முகம் மாறிவிட்டது. "என்ன தம்பி, காலைல ஆறரைன்னு போட்டிருக்கான்?" டொமைன் பதிவேட்டில் உலகப் பொதுநேரம்தான் ஏறும், நம் மணி அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று விளக்கினேன். அவர் சமாதானமாகாமல் ஜோசியருக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு வரை சுக்கிர ஓரை, அதுவும் விசேஷம்தான் என்று பதில் வந்தது. இரண்டு நேரமும் நல்ல நேரமாக அமைந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

எழுத்தைக் கூட்டுவதில் இன்னொரு ரகம் உண்டு. பேர்பெற்ற ஒரு கடையின் பெயரைச் சொல்லி, "இதுல ஒரு எழுத்து கூட்டிட்டா கேஸ் வராதுல்ல?" என்று கேட்பார்கள். வரும். சிஃபி என்ற பெயரில் இணைய சேவை நடத்திய சத்யம் இன்ஃபோவே நிறுவனம், ஒரு எஃப் கூட்டி 'சிஃபிநெட்' என்று பதிந்துகொண்டவர்கள் மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைன் பெயரும் வணிகப் பெயரைப் போலப் பாதுகாக்கப்பட வேண்டியதே என்று 2004-இல் தீர்ப்பு வந்து, சத்யம் இன்ஃபோவே ஜெயித்தது. இதைச் சொன்னால் கேட்டவர் மெல்ல வேறு பெயருக்கு வந்துவிடுவார்.

இவ்வளவு பேசி ஒரு பெயருக்கு வந்து சேர்வதற்கே நாள்கணக்கில் ஆகிவிடும். ஆனால் எனக்கு இந்தத் தொழிலில் கவலை தருவது பெயர் இல்லை. பதிவுப் படிவத்தில் "ஈமெயில்" என்று ஒரு கட்டம் வரும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. யாருடைய ஈமெயில் அதில் ஏறுகிறதோ, நடைமுறையில் அவர்தான் டொமைனுக்குச் சொந்தக்காரர். பாஸ்வேர்டு மாற்றுவது, டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றும் ரகசியக் குறியீடு, ரினியூவல் நினைவூட்டல் எல்லாம் அங்கேதான் போகும்.

"உங்க மெயில் ஐடி சொல்லுங்க" என்றால் எதிரில் இருப்பவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடமே நீட்டுவார். திறந்தால் கடைப் பெயரோடு 1, 2, 3 சேர்ந்த ஒரு ஜிமெயில். யார் போட்டது? "புது போன் வாங்குனப்ப கடைப் பையன் போட்டுக் குடுத்தான்." பாஸ்வேர்டு? தெரியாது. மறந்தால் எந்த நம்பருக்கு ஓடிபி வரும் என்று பார்த்தால், எப்போதோ தூக்கிப் போட்ட சிம். உள்ளே படிக்காத மெயில் ஆயிரக்கணக்கில். இந்த நிலையில் அந்த விலாசத்தைப் பதிவில் ஏற்றுவது ஆபத்து. டாட் காம் வாங்கினால், ஈமெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு மெயில் வரும். பதினைந்து நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு வைத்திருக்கும் விதி அது. அந்த மெயில் ஆங்கிலத்தில், விளம்பரங்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே என் அலுவலகத்தில் டொமைன் தேடுவதற்கு முன்னால் ஜிமெயிலைத்தான் சரிசெய்வோம். பாஸ்வேர்டை மாற்றி, நம்பரை மாற்றி, வீட்டில் இன்னொருவர் நம்பரையும் சேர்த்து, ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்வேன். முழு மதியம் அதிலேயே போன நாட்கள் உண்டு. அதற்கு யாரும் காசு தருவதில்லை, நானும் கேட்பதில்லை.

இந்த வேலையை மிச்சம் பிடிக்கத்தான் எங்கள் தொழிலில் பலர் தங்கள் கணக்கிலேயே எல்லோருக்கும் டொமைன் வாங்கிவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கும் அது வசதியாகத் தெரிகிறது. "எல்லாம் அவரே பாத்துக்குவாரு." மனை வாங்கும்போது பட்டா தரகர் பெயரில் இருக்கட்டும் என்று எந்த ஊரில் விடுவார்கள்? ஒரு சென்ட் இடத்துக்கு வில்லங்கச் சான்று பதினைந்து வருடத்துக்குப் போட்டுப் பார்க்கிற ஆள்தான், கடையின் டொமைனை முகம் தெரியாத பையனின் கணக்கில் விட்டுவிட்டுப் போகிறார். "கையில ஒரு பிடி இருக்கணும் பாஸ், இல்லன்னா அடுத்த வருஷம் வேற ஆளைத் தேடிப் போயிடுவான்" என்று எனக்கே புத்தி சொன்னவர்கள் உண்டு. போகட்டுமே. என்னைவிட்டுப் போனவர்கள் மாற்றும் குறியீட்டைக் கேட்டபோது, டொமைனை மாற்ற முடியாதபடி போட்டிருக்கும் பூட்டை எடுத்துவிட்டு அன்றைக்கே கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவர் பிறகு தம்பி கடைக்கு என்னிடமே வந்தார், வராதவர்களும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லும்போது, பிழைக்கத் தெரியாத பேச்சு என்று நினைப்பவர்களுக்கு புதுச்சேரி விடுதிக்காரர் ஒருவரின் கதையைச் சொல்வது வழக்கம். பத்து அறை உள்ள சின்ன விடுதி. வேறொருவர் செய்து கொடுத்த தளம். அதைப் பார்த்தே அறை கேட்டு வருகிறவர்கள் நிறைய. செய்தவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. டொமைன் அவர் கணக்கில். ஒரு நாள் தளம் திறக்கவில்லை என்று விடுதிக்காரர் தேடிக்கொண்டு என்னிடம் வந்தார். பதிவேட்டில் பார்த்தேன்: காலாவதியாகி, சலுகை நாட்களும் முடிந்து, ரிடெம்ப்ஷன் என்ற கட்டத்தில் இருந்தது. டாட் காமுக்கு அந்தக் கட்டம் முப்பது நாள். அபராதம் கட்டினால் அப்போதும் மீட்கலாம், ஆனால் கட்ட வேண்டியது கணக்கு வைத்திருப்பவர். டொமைனை விற்ற கம்பெனிக்கு எழுதினால், "உங்கள் பெயர் எங்கள் பதிவில் இல்லை" என்ற பதில்தான் வந்தது. அவர்கள் சொன்னதும் நியாயம்தான். யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிற கம்பெனியிடம் நானே டொமைன் வாங்க மாட்டேன். தெரிந்தவர் மூலமாக, சொந்தக்காரர் மூலமாக, வெளிநாட்டில் இருப்பவரைப் பிடிக்க என்னென்னவோ செய்து பார்த்தார். ஆள் அகப்படவில்லை. முப்பது நாள் முடிந்து, பெயரை நீக்குவதற்கு முன் வரும் கடைசி ஐந்து நாளும் முடிந்து, பெயர் பொதுவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இப்படி விழும் பெயர்களுக்காக நிரல் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆட்கள் உண்டு. கொஞ்ச நாளில் விடுதியின் விலாசத்தைத் தட்டினால் சூதாட்டத் தளம் வர ஆரம்பித்தது. குடும்பத்தோடு வந்து தங்கும் இடம். வரவேற்பறைச் சுவரில், விசிட்டிங் கார்டில், பில் புத்தகத்தில், ஆட்டோக்காரர்களிடம் கொடுத்த கார்டில் எல்லாம் அந்த விலாசம்.

புகார் கொடுக்க வழியே இல்லாமல் இல்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போகலாம். ஒரே ஒரு நடுவர் என்றாலும் கட்டணம் 1,500 டாலர். பெயரில் நமக்கு உரிமை உண்டு என்றும், எடுத்தவருக்கு உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு எடுத்துப் பயன்படுத்துகிறார் என்றும் நிரூபிக்க வேண்டும். இவருக்கு டிரேட்மார்க் கிடையாது. வக்கீல் கணக்குப் போட்டுச் சொன்னதும் விட்டுவிட்டார். புதுப் பெயர் ஒன்று எடுத்தோம், டாட் இன்-னில், அவர் பெயரில், அவர் மெயிலில். கூகுள் மேப்பில் விலாசத்தை மாற்றினோம். பில் புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பெயிண்டரை வைத்துச் சுவரில் இருந்ததை அழித்தார்கள்.

பழைய பெயரை இப்போது வைத்திருப்பவர் விற்கப் போட்டிருக்கிறார் என்று போன மாதம் தெரிய வந்தது. விடுதிக்காரரைக் கூப்பிட்டு விலையைச் சொன்னேன். டாலரை ரூபாயாக்கிக் கேட்டுக்கொண்டார். "அந்தக் காசுக்கு ரெண்டு ரூமுக்குப் புது ஏசி போட்டுடலாம் தம்பி" என்றார். மாடி அறைகளில் போட்டுவிட்டார், அந்தப் படங்களைத் தளத்தில் ஏற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.